விரலை அறியும் வாள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து ஸ்ரான்லி வீடு எது என்று கேட்டால், எந்த ஸ்ரான்லி என்று திருப்பிக் கேட்பார்கள். பென்ட்ரி பாஸ் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு வந்து விடும். குசினிச் சுவரோடு சேர்த்துப் பொருத்துகிற அலுமாரிகளுக்குத்தான் கொழும்பில் பென்ட்ரி என்று பெயர், அதைச் செய்கிற தச்சனுக்குப் பாஸ் என்று பெயர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துக்கொண்டு எழும்பி நிற்கிற தொடர்மாடிகளில் எத்தனையோ குசினிகள் அவன் கையால் செய்தவை. அங்கே சமைக்கிறவர்களுக்கு அவனைத் தெரியாது. தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள், அது போகட்டும்.

நான் அடுத்த வீடு. இடையில் ஒரு சுவர்தான். அவன் மனைவி ஐறீன் சிரித்தாலும் எனக்குக் கேட்கும், மூக்கைச் சீறினாலும் கேட்கும். சுவர் சொல்லாமல் விட்டதை ஸ்ரான்லியோடு வேலை செய்கிற மஜீட் எனக்குச் சொன்னான். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய வேலைத்தளம் தெமட்டகொடையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. அங்கே பாஸ்மார் பிளேன்ரீ கிளாசைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே அவர்கள் என்ன தொழில் என்று தெரிந்து விடும். ஒருவருக்குச் சுண்டுவிரல் இல்லை. இன்னொருவருக்குப் பெருவிரலின் நுனி இல்லை. சுழலும் வாளுக்கு முன்னால் வருடக்கணக்காக நின்றால் அப்படித்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஸ்ரான்லிக்கு மட்டும் எல்லா விரலும் இருந்தன. அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒழுங்கையில் கரம்போட் விளையாடும்போது விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துவிட்டுத்தான் சுண்டுவான்.

முதலாளி ராமசுப்பிரமணியன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இதில் கெட்டவன் யார் என்று தேடுகிறவர்கள் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியில் கடை வைத்திருக்கிறார். ஐறீனின் தாய் செத்தபோது காலையிலேயே வந்து கடைசி வரை நின்றார். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோர் வீட்டுக்கும் கேக் அனுப்புவார். அவர் வேலைக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டதை யாரும் கேட்டதில்லை. ஒரு தடவையாவது சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவருடைய மகள் அஷ்வினி மெல்பேர்னில் படித்தவள். விடுமுறைக்கு வந்தவள் ஒருநாள் கொட்டகைக்குப் போய், பாஸ்மாரின் கைகளைப் பார்த்திருக்கிறாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று மஜீட் சொன்னான். அவள் பிடிவாதத்தில்தான் அந்த வாள் மேசை வெளிநாட்டில் இருந்து வந்தது. கொழும்பில் அதற்கு முன் அப்படி ஒன்றை எங்கள் ஆட்கள் யாரும் கண்டதில்லை.

பார்க்க அது சாதாரண வாள் மேசைதான். நடுவில் வட்ட வாள் சுழலும், பலகையைத் தள்ளினால் அறுக்கும். ஆனால் அந்த வாளுக்கு மனிதச் சதை தெரியும். விரல் பட்ட அந்தக் கணமே உள்ளே இருக்கிற ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து வாளின் பற்களைக் கவ்வி நிறுத்தி விடும், வாள் மேசைக்குக் கீழே இறங்கி விடும். நாம் கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கட்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. பாஸ்மார் அதற்குப் பிரேக் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை பாய்ந்தால் அந்தப் பெட்டி முடிந்தது, கவ்வப்பட்ட வாளும் முடிந்தது. இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். மெஷினோடு வந்தவை இரண்டே பெட்டிகள். வேறு வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

சரஸ்வதி பூசையன்று மெஷினைத் தொடக்குவதாக ஏற்பாடு. வருடா வருடம் அந்தப் பூசைக்கு வேலைக்காரரின் குடும்பங்களையும் கூப்பிடுவார்கள். ஐறீனோடு நானும் போனேன். பொய் சொல்வானேன், வடைக்காகத்தான் போனேன். அஷ்வினி ஒரு பொதி சொசேஜஸ் வாங்கி வைத்திருந்தாள். விரலுக்குப் பதிலாக அதை வாளில் காட்டினால் எல்லோருக்கும் விளங்கும் என்பது அவள் எண்ணம். தகப்பன் அந்தப் பொதியைப் பார்த்துப் பதறிப் போனார்.

"ஏம்மா, பூசையும் அதுவுமா இறைச்சியை இங்க கொண்டு வருவாங்களா?"

"அப்பா, இது செஞ்சு காட்டுறதுக்குத்தான்."

"வேண்டாம்மா. வாயால சொல்லு போதும்."

பொதி காருக்குள் போனது. மெஷினுக்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, ஐயர் மணி அடித்து முடித்தார். அஷ்வினிக்குத் தொலைபேசி வந்து வெளியே போயிருந்தாள். புது வாகனம் வாங்கினால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பதில்லையா, அதே மாதிரி இந்த வாளும் முதன்முதலில் எலுமிச்சம்பழத்தை வெட்டட்டும் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. யாரையும் கேட்கவில்லை. சுவிட்சைப் போடச் சொல்லி, பழத்தைத் தன் கையாலேயே பிடித்துப் பக்தியோடு வாளுக்குக் கொண்டு போனார்.

டமார் என்று ஒரு சத்தம். நான் கையில் இருந்த வடையைக் கீழே போட்டு விட்டேன். வாளைக் காணவில்லை. முதலாளி கையில் பழத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பழத்தில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். அஷ்வினி ஓடி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பழம் ஈரம்ப்பா. நீங்க வேற கையில பிடிச்சிருக்கீங்க. அது உங்க விரல்னு நினைச்சிருச்சு!"

"இனி என்ன செய்யணும்?"

"பெட்டியும் போச்சு, வாளும் போச்சு. புதுசுதான் போடணும்." அவள் விலையைச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மெஷின் தன் வேலையை ஒழுங்காகச் செய்து காட்டியது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்துக்காக இவ்வளவு நட்டமா என்பதுதான் பேச்சு. அபசகுனம் என்று ஒருவர் சொன்னார். மிச்சமிருந்த ஒரே பெட்டியை அஷ்வினி மெஷினுக்குள் பொருத்திப் பூட்டினாள். பிறகு ஒரு சின்னச் சாவியைக் காட்டி, அது எதற்கு என்று சொன்னாள். அலுமினியமும் மின்சாரம் கடத்துவதால் அதையும் மெஷின் சதை என்று நினைத்து நின்று விடும். ஆகவே மஜீட் அலுமினியச் சட்டம் அறுக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெஷினைத் தொடக்கினால் பிரேக் வேலை செய்யாது. மெஷினை நிறுத்தினால் பிரேக் தானாகத் திரும்பி வரும். மரத்துக்கு மட்டும் ஒருநாளும் திருப்பாதீங்க என்று அவள் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். விடுமுறை முடிய மெல்பேர்னுக்குப் போய் விட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அது நடந்தது. ஸ்ரான்லி ஒடுக்கமான மரப்பட்டி ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான். பலகை துள்ளி, இடது கை முன்னுக்குப் போய் விட்டது. டமார்.

மஜீட் ஓடி வந்து பார்த்தபோது ஸ்ரான்லி நிலத்தில் குந்தியிருந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். சுட்டுவிரலில் ஒரு கீறல். தேங்காய் துருவும்போது ஐறீனுக்கு அதைவிடப் பெரிய காயம் வரும். வேறு எந்த வாளாக இருந்தாலும் இரண்டு விரலாவது மரத்தூளுக்குள் கிடந்திருக்கும். எல்லோரும் சூழ்ந்து நின்று அவன் முதுகில் தட்டினார்கள். மஜீட் அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தி அவனைக் கட்டிப் பிடித்தான். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பிறகு யாரோ கேட்டார்கள், வேறு பெட்டி இருக்கிறதா என்று.

இல்லை. பழைய வாள் மேசையையும் விற்றாகி விட்டது.

முதலாளி வெள்ளவத்தையில் இருந்து வந்தார். வந்தவர் மேசைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டையில் பல்லுப் புதைந்து கிடந்த வாளைத் தடவினார். பிறகுதான் ஸ்ரான்லி பக்கம் திரும்பினார்.

"கையைக் காட்டு."

காட்டினான்.

"ஒண்ணுமில்ல. நல்லது. எப்படி ஆச்சு?"

"கவனிக்கேல்ல முதலாளி. பலகை துள்ளிற்று."

"சரி, போகட்டும். இனிமே பார்த்துப் பண்ணு."

"சம்பளத்தில கழியுங்க முதலாளி. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமா..."

"சீச்சீ, அதெல்லாம் வேண்டாம்ப்பா."

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் கழித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். கழிக்காததால் அந்த ஒரு கீறல் அவன் தலையில் பாறாங்கல்லாக ஏறி உட்கார்ந்து விட்டது.

புதுப் பெட்டி வர நாள் எடுத்தது. பணம் கட்டியும் துறைமுகத்தில் நின்றது. அதுவரை கையால் பிடிக்கிற சின்ன வாளை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து அறுத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்காரர் கனடாவில் இருந்து கல்யாணத்துக்கு வந்து இறங்கியபோது குசினி அரைகுறையாகக் கிடந்தது. முதலாளி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஓவர்ரைம் காசு நின்று போனதில் மற்ற பாஸ்மாருக்கும் முகம் கறுத்தது. ஸ்ரான்லிக்குத் தங்க விரல் என்று பட்டம் வைத்தார்கள். பிளேன்ரீ குடிக்கப் போனால், தங்க விரல் வாறார், இடம் விடுங்கோ என்பார்கள். நல்லவனான மஜீட்கூட ஒருநாள் வாயை விட்டு விட்டான்.

"ஒங்கட வெரல் தப்பிச்சது பெரிய விஷயம்தான் பாஸ். ஆனா எங்கட வயித்துல அடிச்சிட்டீங்களே."

பகிடியாகத்தான் சொன்னேன் என்று இப்போது அழுகிறான். அதே கொட்டகையில் சுண்டுவிரல் போனவருக்கு ஒருநாளும் யாரும் பட்டம் வைக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது காசு சேர்த்துக் கொடுத்தார்கள். விரல் போனவன் பாவம், விரல் தப்பியவன் குற்றவாளி. இந்த நியாயத்தை எந்தக் கோவிலில் படித்தார்களோ தெரியாது.

வீட்டில் ஐறீன் ஒருத்திதான் செய்ய வேண்டியதைச் செய்தாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி, வாசலில் இருந்தவர்களுக்குப் பாண் வாங்கிக் கொடுத்தாள். ஒழுங்கையில் கண்டவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கதை சொன்னாள். எனக்கு மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் கண்ணைத் துடைத்தாள். மூன்றாம் தரம் சொன்ன அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ரான்லி கத்துவது கேட்டது. அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ஏன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறாய்? எனக்கு வெக்கமா இருக்கு."

"விரல் இருக்கிறதுக்கா வெக்கம்?"

"உனக்கு ஒண்டும் விளங்காது. அந்தப் பெட்டி என்ன விலை தெரியுமா? முதலாளி என்னால எத்தின பேரிட்டப் பேச்சு வாங்கினவர் தெரியுமா?"

"உங்கட விரல் என்ன விலை?"

ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு ரேடியோவைப் போட்டார்கள்.

ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது, ஒன்றே ஒன்று. முதலாளி நின்று அதை மெஷினில் பூட்டுவித்தார். சாவியை மஜீட்டிடம் கொடுக்காமல் ஸ்ரான்லியின் கையில் வைத்தார்.

"மெஷின் உன் பொறுப்பு ஸ்ரான்லி. இது ஒண்ணுதான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். மரத்துக்கும் சாவியைத் திருப்பு என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. சொல்லியிருந்தால் ஒருவரைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாம். அடுத்த நாளில் இருந்து ஸ்ரான்லி மரம் அறுக்கும்போதும் சாவியைத் திருப்பத் தொடங்கினான். மெஷினைத் தொடக்குகிற ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பிடித்தான். தன்னைக் காப்பாற்றிய ஒன்றை மறந்துபோய் அல்ல, நினைத்து நினைத்து நிறுத்தி வைத்தான்.

மஜீட்டுக்கு அது கண்ணில் பட்டது.

"என்ன பாஸ், மரத்துக்கும் திருப்புறீங்க?"

"பலகை ஈரம் மச்சான். பிரேக் சும்மா சும்மா அடிச்சா என்ன செய்யிறது?"

ஈரப் பலகைக்கும் அந்த மெஷின் ஏமாறும் என்பது உண்மைதான். ஆனால் அது மாசி மாதம். கொழும்பில் ஒரு சொட்டு மழை இல்லை. பலகைகள் தட்டினால் சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்து கிடந்தன. மஜீட் அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டி வெடித்தால் எல்லோருக்கும்தானே வேலை இல்லை.

முதலாளியும் கண்டார் என்று மஜீட் சத்தியம் செய்கிறான். ஒருநாள் பின்னேரம் ஸ்ரான்லிக்குப் பக்கத்தில் நின்றுதான் பலகை அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாவி திரும்புவதைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அஷ்வினி தொலைபேசியில் வந்தாள். மெஷின் எப்படி, பெட்டி திரும்பவும் வெடித்ததா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். இவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒரு தடவைகூட இல்லம்மா. இப்ப எல்லாரும் ரொம்ப கவனமா இருக்காங்க."

ஸ்ரான்லி அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தானாம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது என்று மஜீட் சொன்னான். அன்றிலிருந்து தங்க விரல் என்று யாரும் கூப்பிடவில்லை. ஓவர்ரைம் திரும்பி வந்தது. ஸ்ரான்லி ஒழுங்கையில் கரம் விளையாட வந்தான், பழையபடி ஐறீனோடு பகிடி விட்டான். எல்லாம் சரியாகி விட்டது என்று நானும் நினைத்தேன்.

வைகாசியில் மழை பிடித்தது. வெள்ளவத்தை வேலை ஒன்றை முடித்துக் கொடுக்க அவசரப்பட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பலகை. இந்த முறை டமார் என்ற சத்தம் கேட்கவில்லை. மெஷின் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்ரான்லிதான் மெஷினை நிறுத்தினான், வலது கையால். இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோடு போய் விட்டன. மோதிரவிரலில் பாதி. மஜீட் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஓடினான். விரல்களையும் எடுத்துக்கொண்டுதான் போனான். வாளின் பல் சிதைத்த விரலை ஒட்ட முடியாது என்று டொக்டர் சொன்னார்.

மறுநாள் காலையில் ஐறீனோடு நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்ரான்லி விழித்திருந்தான். கட்டுப் போட்ட கை தலையணை மேல் பெரிதாகக் கிடந்தது. ஐறீன் அழவில்லை. கொண்டு வந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு விழுங்கினான். யாரைத் தேடுகிறான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலாளி அப்பிள் பையோடு வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவரைக் கண்டதும் ஸ்ரான்லி ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்தான்.

"படு, படு. எழும்பாதே."

"முதலாளி, பெட்டிக்கு ஒண்டும் ஆகேல்ல."

"ஆமாப்பா. பார்த்தேன்."

ஐறீன் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

"எப்ப பார்த்தீங்க முதலாளி?"

"இப்பத்தாம்மா. வர்ற வழியில."

வெள்ளவத்தையில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வருகிற வழியில் தெமட்டகொடை இல்லை. அங்கே போக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போக வேண்டும், போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஐறீனுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஸ்ரான்லி தலையணையில் சாய்ந்தான்.

"இந்த முறை முதலாளிக்குக் கோவம் இல்ல, என்ன?" என்று ஐறீனிடம் கேட்டான்.

அவள் அவன் வாயோரத்தில் இருந்த கஞ்சியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இல்லையப்பா," என்றாள். "இந்த முறை கோவமில்ல."

அவன் கண்ணை மூடி நிம்மதியாக நித்திரை கொண்டான்.